தந்திக் கதையில் விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் தந்தியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் காலத்தில் தந்திக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை மோர்ஸில் ஆரம்பித்து மோர்ஸிலேயே முடிந்துவிட்டது. சாமுவேல் மோர்ஸ் புள்ளியையும் கோட்டையும் கண்டுபிடித்தார், உலகம் சுருங்கியது, அப்புறம் தொலைபேசி வந்ததும் தந்தி செத்தது என்று நாலு வரியில் சொல்லிவிடக்கூடிய கதையாக அது ஆகிவிட்டது. பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள் என்பது என் வருத்தம். விடுபட்ட பாதிதான் இன்றைக்கும் நம் கையில் இருக்கும் போனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தந்திக்கு இரண்டு அடுக்குச் சங்கேதம் இருந்தது. கீழ் அடுக்கு, ஓர் எழுத்தை மின்துடிப்பாக மாற்றுவது. மோர்ஸ் இந்த வகை. மேல் அடுக்கு, ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லாகச் சுருக்குவது. இதற்கென்றே தடித்தடியான புத்தகங்கள் அச்சாகி விற்பனைக்கு வந்தன, வியாபாரிகளும் கப்பல் கம்பெனிகளும் வங்கிகளும் பல பத்தாண்டுகள் அந்தப் புத்தகங்களை மேஜையில் வைத்துக்கொண்டுதான் தொழில் நடத்தினார்கள். இரண்டு அடுக்கிலும் நோக்கம் ஒன்றுதான், சிக்கனம். ரகசியம் என்பது பெரும்பாலும் இரண்டாம் பட்சம். சிக்கனம் பிடிக்கப் பிடிக்கப் பிழை நுழைய இடம் கிடைக்கும், அந்த ஓட்டையை அடைக்க மறுபடி கொஞ்சம் செலவு செய்தாக வேண்டும். தந்திச் சங்கேதத்தின் வரலாறு முழுக்க இந்த இழுபறிதான். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

முதலில், சங்கேதப் புத்தகம் மின்சாரத் தந்திக்கு முந்தியது. 1794இல் பிரான்சில் க்ளோத் ஷாப் பாரிசுக்கும் லீலுக்கும் இடையே கோபுரங்கள் அமைத்தார். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் ஒரு நீளமான சட்டம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சிறிய கை. கயிறு இழுத்து இவற்றை வெவ்வேறு கோணத்தில் நிறுத்துவார்கள், அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தூரதர்சினி வழியாகப் பார்த்து அதையே திருப்பிச் செய்வார். இதில் 92 நிலைகளைச் செய்திக்கு என்று ஒதுக்கினார்கள். எழுத்தெழுத்தாக அனுப்பினால் பொழுது விடிந்துவிடும் என்பதால் 92 பக்கங்கள், பக்கத்துக்கு 92 வரிகள் கொண்ட ஒரு புத்தகம் தயாரானது. முதல் சைகை பக்க எண், இரண்டாவது சைகை வரி எண். இரண்டே சைகையில் 8,464 சொற்களிலும் தொடர்களிலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். நடுவில் இருக்கும் கோபுரக்காரருக்கு இந்தப் புத்தகம் தரப்படவில்லை, அவர் பார்த்ததைப் பார்த்தபடி செய்ய வேண்டியதுதான். புரியாமல் நகலெடுக்கும் ஆள் தன் கையில் பிழை நடந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வழக்கில் இதே பிரச்சினை வரும்.

அடுத்து இங்கிலாந்து. 1837இல் குக், வீட்ஸ்டன் இருவரும் காப்புரிமை வாங்கிய ஐந்து ஊசிக் கருவியில் சங்கேதத்தை யாரும் மனப்பாடம் செய்யவே வேண்டாம். சாய்சதுரமான பலகை, நடுவில் வரிசையாக ஐந்து ஊசிகள். ஒரு நேரத்தில் இரண்டு ஊசிகள் சாயும், அவை இரண்டும் சேர்ந்து சுட்டும் இடத்தில் இருப்பதுதான் எழுத்து. ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள், மேலே அல்லது கீழே என்று இரண்டு திசைகள், ஆக மொத்தம் 20 எழுத்துகள். ஆங்கிலத்தில் இருப்பதோ 26. சி, ஜே, க்யூ, யூ, எக்ஸ், இசட் ஆறையும் விட்டுவிட்டார்கள். இத்தனை கம்பி போடுவது கட்டுப்படியாகாமல் போகவே ஊசிகள் இரண்டாகக் குறைந்தன, பிறகு ஒன்றே ஒன்று என்றும் ஆனது. கம்பி குறையக் குறைய, கருவி செய்துகொண்டிருந்த வேலை ஆபரேட்டரின் நினைவுக்கு மாறியது. மிச்சமான காசுக்கு ஈடு, அவர் மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருந்த பயிற்சி.

1845 ஜனவரி 1ஆம் தேதி ஸ்லவ் என்ற ஊரில் ஒரு கொலை நடந்தது. கொலைகாரன் ஜான் டாவெல் லண்டன் பாடிங்டனுக்கு ரயில் ஏறிவிட்டான், அவன் போட்டிருந்தது குவேக்கர் சமயத்தவரின் உடை. ரயிலுக்கு முன்னால் தந்தி போனது. அந்தப் பாதையில் அப்போது இருந்தது இரண்டு ஊசிக் கருவி, அதிலும் க்யூ எழுத்து கிடையாது. வேறு வழியில்லாமல் 'குவேக்கர்' என்பதை கே, டபிள்யூ, ஏ, கே, இ, ஆர் என்று அடித்தார்கள். எதிர்முனையில் இருந்தவர் இது என்ன சொல் என்று முதலில் குழம்பினாலும் கடைசியில் விஷயம் புரிந்தது, டாவெல் பின்தொடரப்பட்டு மறுநாள் பிடிபட்டான். மொழியிலேயே கொஞ்சம் உபரி இருக்கிறது, அதனால்தான் எழுத்து தப்பாக இருந்தும் சொல் பிழைத்தது. இதே செய்தி ஒரு சங்கேதப் புத்தகச் சொல்லாகப் போயிருந்தால் அந்த ஒரு பிழையில் எல்லாம் போயிருக்கும்.

சரி, மோர்ஸுக்கு வருவோம். மோர்ஸ் முதலில் திட்டமிட்டது புள்ளி, கோடு எழுத்துமுறையை அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து அகராதி போல ஒன்றைத் தயாரித்து, எண்களை மட்டும் கம்பியில் அனுப்புவதுதான் அவர் யோசனை. அதாவது ஷாப்பின் வழி. எழுத்துக்கு எழுத்து குறி என்ற முறை, 1837இல் ஆல்ஃப்ரெட் வெய்ல் அவரோடு சேர்ந்த பிறகு உருவானது. அதில் வெய்லின் பங்கு எவ்வளவு என்று இன்றும் சர்ச்சை நடக்கிறது, ஆனால் உங்கள் கட்டுரையில் வெய்லின் பெயரே வரவில்லை, அது நியாயமில்லை. எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று தெரிந்துகொள்ள அவர்கள் போன இடம் அச்சகம். அச்சுக்கோப்பவரின் பெட்டி அறைகளில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு இருக்கிறது என்று பார்த்தாலே போதும், கணக்கு தயார். அதிகம் வரும் 'இ'க்கு (E) ஒரு புள்ளி, 'டி'க்கு (T) ஒரு கோடு. அபூர்வமாக வரும் எழுத்துகளுக்கு நீளமான குறி.

இதன் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அருமை தெரியும். ஒரு புள்ளியின் நீளத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள்ளே புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் அலகு மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஏழு. இப்படிப் பார்த்தால் 'இ' ஒரே அலகில் முடிந்துவிடும், 'டி'க்கு மூன்று. 'க்யூ'வுக்கும் 'ஜே'க்கும் பதின்மூன்று. பூஜ்ஜியம் ஐந்து கோடு என்பதால் பத்தொன்பது. 'பாரிஸ்' என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் அடித்து, முடிவில் வரும் சொல் இடைவெளியையும் சேர்த்தால் சரியாக ஐம்பது அலகு வரும். ஆபரேட்டரின் வேகத்தை அளக்க இந்தச் சொல்லையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். நிமிடத்துக்கு இருபது சொல் என்றால் ஆயிரம் அலகு, ஒரு புள்ளி ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்கு. மனிதக் காது இதைப் பிரித்துக் கேட்கிறது, கேட்பதோடு நிற்காமல் கை எழுதிக்கொண்டே போகிறது. காகித நாடாவில் பதிவதைப் பார்த்துப் படிக்கத்தான் கருவி வடிவமைக்கப்பட்டது, ஆனால் சத்தத்தைக் கேட்டே செய்தியை எழுதிவிடலாம் என்பதை ஆபரேட்டர்கள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். கருவியைச் செய்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு திருத்தம். இன்று நாம் மோர்ஸ் என்று சொல்லும் சங்கேதம், மோர்ஸும் வெய்லும் அமெரிக்காவில் பயன்படுத்தியது அல்ல. அவர்களுடையதில் எழுத்துக்கு உள்ளேயே நீளமான இடைவெளி வரும். மூன்று புள்ளி தொடர்ந்து வந்தால் 'எஸ்'. இரண்டு புள்ளி, சிறு இடைவெளி, ஒரு புள்ளி என்றால் 'சி'. ஒரு புள்ளி, இடைவெளி, இரண்டு புள்ளி என்றால் 'ஆர்'. மூன்றிலும் மூன்றே புள்ளிகள்தான், வித்தியாசம் மௌனத்தில். கோட்டிலும் ஒரே நீளம் கிடையாது, 'எல்'லுக்கு நீண்ட கோடு, பூஜ்ஜியத்துக்கு அதைவிட நீண்டது. வேகமாக அடிக்கலாம், உண்மைதான். ஆனால் துடிப்பு மழுங்கி வரும் நீண்ட கம்பியிலும் கடலடிக் கேபிளிலும் இது ஆபத்து. 1848இல் ஜெர்மனியில் ஃப்ரெடரிக் கெர்கே, ஹாம்பர்க்குக்கும் குக்ஸ்ஹாஃபனுக்கும் இடையே போட்ட பாதைக்காக இதைத் திருத்தி எழுதினார். உள் இடைவெளிகள் எல்லாம் போயின, கோடு என்றால் ஒரே நீளம் என்றானது. சில எழுத்துகளுக்கு நேரம் கூடியது, குழப்பம் குறைந்தது. 1865இல் பாரிசில் 20 நாடுகள் கூடி சர்வதேசத் தந்தி ஒன்றியத்தை அமைத்தபோது ஏற்றுக்கொண்டது பெரும்பாலும் கெர்கேயின் வடிவத்தைத்தான். அமெரிக்க ரயில்வே தந்திக்காரர்கள் மட்டும் பழைய முறையை நெடுங்காலம் விடவில்லை. கெர்கேயின் பெயரும் உங்கள் கட்டுரையில் இல்லை.

இனி மேல் அடுக்கு. இதற்குத்தான் நான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

1858இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் கேபிளில் விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. சில வாரங்களில் அந்தக் கேபிளே செத்துப்போனது. 1866இல் நிலைத்து நின்ற கேபிள் வந்தபோது கட்டணம் 20 சொல் வரைக்கும் 20 பவுண்டு. அன்றைய பவுண்டு! வாயைத் திறந்தாலே காசு என்கிற நிலை. அப்போது வியாபாரி என்ன செய்வான்? ஒரு சொல்லுக்குள் எத்தனை சொல்லை அடைக்கலாம் என்றுதான் யோசிப்பான். 1870களில் வில்லியம் கிளாசன்-தூ என்பவர் வெளியிட்ட ஏபிசி சங்கேதம் பெரிய அளவில் பரவியது. அகர வரிசையில் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு முழு வாக்கியம்: சரக்கு வந்து சேர்ந்தது, விலை இறங்குகிறது, கப்பல் தாமதம், இந்த விலைக்கு மேல் வாங்காதே. பருத்திக்கு, சுரங்கத்துக்கு, பங்குச் சந்தைக்கு என்று தனித்தனிப் புத்தகங்கள் வந்தன. இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். ரகசியம் வேண்டுமென்பவர்கள் அதன்மேல் தனியாக ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே 'சங்கேதம் என்றாலே உளவாளிகள் சமாச்சாரம்' என்று உங்கள் கட்டுரை கோடி காட்டியிருப்பது சரியில்லை.

தந்தி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? ஒரு சொல்லுக்கு இத்தனை எழுத்துதான், நிஜமான மொழியில் இருக்கும் சொல்லாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி போட்டன. புத்தகம் போடுபவர்கள் விதிக்குள்ளேயே சந்து தேடினார்கள். 1903இல் லண்டனில் நடந்த சர்வதேசத் தந்தி மாநாட்டில், உச்சரிக்க முடிகிற சொல்லாக, பத்தெழுத்துக்கு மிகாமல் இருந்தால் இட்டுக்கட்டிய சொல்லையும் ஏற்கலாம் என்று முடிவானது. உடனே என்ன நடந்தது தெரியுமா? ஐந்தெழுத்தில் சங்கேதச் சொற்களை உருவாக்கினார்கள். இரண்டை ஒட்டினால் பத்தெழுத்து, கட்டணம் ஒரு சொல்லுக்கு, போவதோ இரண்டு வாக்கியம். 1906இல் வந்த பென்ட்லியின் புத்தகம் இந்த வழியில் உலகம் முழுக்கப் போனது.

இப்போது அந்த வழக்கு. 1887 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ப்ரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி, கான்சஸில் இருந்த தன் முகவருக்கு ஒரு சங்கேதத் தந்தி அனுப்பினார். அதில் ஒரு சொல் 'பே' (bay), அதாவது பி, ஏ, ஒய். அவர்கள் வைத்திருந்த சங்கேதப்படி அதற்கு 'நான் வாங்கிவிட்டேன்' என்று பொருள். கூடவே 'குவோ' என்று ஒரு சொல், அது ஐந்து லட்சம் பவுண்டு எடை. எல்லா ரகத்திலும் ஐந்து லட்சம் பவுண்டு வாங்கிவிட்டேன் என்று வெறும் தகவல்தான் அனுப்பினார். மோர்ஸில் 'ஏ' என்பது ஒரு புள்ளி, ஒரு கோடு. 'யூ' என்பது இரண்டு புள்ளி, ஒரு கோடு. வழியில் ஒரே ஒரு புள்ளி கூடிப்போனது. 'பே' என்பது 'பை' (buy) ஆனது, பி, யூ, ஒய். அது சங்கேதமே இல்லாத சாதாரண ஆங்கிலம்: வாங்கு! முகவர் சொன்னபடி கேட்டார், வாங்க ஆரம்பித்தார். விஷயம் தெரிவதற்குள் சுமார் மூன்று லட்சம் பவுண்டு கம்பளி வாங்கியாகிவிட்டது. அதை விற்றுத் தீர்த்ததில் 20,000 டாலருக்கு மேல் நஷ்டம்.

ப்ரிம்ரோஸ், தந்தியை அனுப்பிய வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1894இல் தீர்ப்புச் சொன்னது. தந்திப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு நிபந்தனை அச்சடித்திருந்தது: பிழையைத் தவிர்க்க வேண்டுமானால் செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லலாம், அதற்குப் பாதிக் கட்டணம் கூடுதல், அப்படிச் செய்யாத செய்தியில் பிழை நேர்ந்தால் கட்டிய தொகைக்கு மேல் பொறுப்பில்லை. அவர் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. ஆகவே அவருக்குக் கிடைக்கக்கூடியது அவர் கட்டிய 1 டாலர் 15 சென்ட் மட்டுமே. சட்டத்தின் கண்ணில் இது சரியாக இருக்கலாம், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தத் தந்தியை வாசித்தால் பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள் எந்தத் தொடர்பும் இருக்காது, அடிக்கும் ஆபரேட்டருக்கு அது பொருளற்ற சொல் குவியல். ஷாப்பின் கோபுரக்காரர் மாதிரியேதான் இவரும். 'குவேக்கர்' பிழைத்தது மொழியின் உபரியால், 'பே' சிக்கியது அந்த உபரியைக் காசுக்காகச் சுரண்டி எடுத்துவிட்டதால்.

இந்த மாதிரி அடிகள் விழுந்த பிறகுதான் புத்தகம் தயாரிப்பவர்கள் ஒரு விதியைக் கைக்கொண்டார்கள். புத்தகத்தில் இருக்கும் எந்த இரண்டு சங்கேதச் சொல்லை எடுத்தாலும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேறுபட வேண்டும். எளிமையான விதி, ஆனால் அதன் பலத்தைப் பாருங்கள். ஓர் எழுத்து மட்டும் தப்பாக வந்தால், வந்த சொல் புத்தகத்தில் எங்கேயும் இருக்காது. பிழை நடந்திருக்கிறது என்று வாங்கியவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். 'பே'யும் 'பை'யும் மாதிரி ஒன்று இன்னொன்றாக வேஷம் போட முடியாது. அதோடு, தப்பாக வந்த சொல் எதுவாக இருந்திருக்கலாம் என்று தேட உதவும் அட்டவணையையும் புத்தகத்தின் கடைசியில் சேர்த்தார்கள்.

இதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 26 எழுத்தை வைத்து ஐந்தெழுத்துச் சொற்கள் மொத்தம் 1,18,81,376 உருவாக்கலாம், உச்சரிப்பு விதியை விட்டுவிட்டால். இரண்டெழுத்து வித்தியாசம் வேண்டுமென்றால் அதிகபட்சம் 4,56,976 சொற்கள்தான் தேறும், ஏனென்றால் முதல் நான்கு எழுத்து முடிவானதும் ஐந்தாவது எழுத்தும் முடிவாகிவிடுகிறது. 26இல் 25 பங்கைத் தூக்கி எறிகிறோம், ஒரே ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதற்காக. எறிந்ததுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 1950இல் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் எழுதிய கட்டுரையில் இதே எண்ணம் கணித வடிவத்தில் வருகிறது: இரண்டு சங்கேதச் சொற்கள் எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்பதே அவற்றுக்கு இடையிலான தூரம், தூரம் இரண்டு என்றால் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கலாம், மூன்று என்றால் திருத்தவே செய்யலாம். கம்பளிக்கும் பருத்திக்கும் தந்தி அடித்த வியாபாரிகளுக்காகப் புத்தகம் தொகுத்தவர்கள் கணிதச் சூத்திரம் எதுவும் எழுதாமலே இதைக் கையில் வைத்திருந்தார்கள். வானொலித் தந்தியிலும் பின்னாளில் ஓர் எழுத்துக்கு ஏழு இடம், அதில் மூன்றில் மட்டும் துடிப்பு இருக்க வேண்டும், மற்ற நான்கும் காலியாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அப்படி 35 வடிவம்தான் வரும், கணக்குத் தப்பினால் கருவியே மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும்.

சீன மொழியின் கதையையும் ஒரு பத்தியாவது சொல்லியிருக்கலாம். ஆயிரக்கணக்கான எழுத்துருக்களுக்குப் புள்ளி, கோடு போட்டு மாளாது. 1870களின் தொடக்கத்தில் வீகியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்துப் புத்தகம் தொகுத்தார், பிறகு சீனர்களே அதைத் திருத்தி விரித்தார்கள். சீன மொழியைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சொல்லான 'சோங்வென்' அந்த முறையில் 0022, 2429. அனுப்புகிறவர் புத்தகத்தைப் பார்த்து எண்ணாக மாற்ற வேண்டும், வாங்குகிறவர் மறுபடி எழுத்தாக மாற்ற வேண்டும். மோர்ஸில் எண்கள்தான் இருப்பதிலேயே நீளம் என்பதை மேலே பார்த்தோம், ஒவ்வோர் எழுத்துருவுக்கும் இருபது குறி. ஒரு மொழியின் அச்சகத்தில் எண்ணிப் பார்த்து அமைத்த சிக்கனம் அடுத்த மொழிக்காரருக்குச் சுமையாக வந்து விழுகிறது. இந்தப் பாரபட்சம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இணையத்தில் பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தந்தி' என்று நாம் எழுதினால் கணினிக்குள் ஐந்து குறி, பதினைந்து பைட்.

கணினி என்றதும் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ ஞாபகத்துக்கு வராமல் இருக்க மாட்டார். 1874இல் அவர் காப்புரிமை வாங்கிய முறையில் எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம், ஐந்து துடிப்பு, ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. ஆபரேட்டருக்கு முன்னால் ஐந்து கட்டைகள், இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. ஒரே கம்பியைப் பல ஆபரேட்டர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள், கருவி தாளம் தட்டும், அந்தத் தாளத்துக்குள் கட்டையை அழுத்தியாக வேண்டும். ஐந்து துடிப்பில் 32 வடிவம்தான் வரும், எழுத்தும் எண்ணும் நிறுத்தக் குறியும் சேர்ந்தால் பற்றாது. ஆகவே 'இனி வருவதெல்லாம் எண்கள்', 'இனி வருவதெல்லாம் எழுத்துகள்' என்று அறிவிக்க இரண்டு குறிகளைத் தனியாக வைத்தார்கள். ஆறாவது துடிப்பின் செலவு மிச்சம்!

ஆனால் அந்த அறிவிப்புக் குறி ஒன்றே ஒன்று வழியில் கெட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் கெடும். பிற்காலத்தில் வந்த, தட்டச்சுப் பலகையில் அடித்தால் எதிர்முனையில் தானாக அச்சடிக்கும் தொலைத்தட்டச்சுக் கருவியில் மேல் வரிசை எழுத்துகளோடு 1 முதல் 0 வரை எண்கள் ஜோடி சேர்ந்திருந்தன. 'டவர்' என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பும்போது எண்ணுக்கு மாறும் குறி தவறுதலாக நுழைந்தால் காகிதத்தில் 59234 என்று விழும். இதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுத்துக் குறியை மறுபடி அனுப்புவது, சொல் இடைவெளி வந்தாலே கருவி தானாக எழுத்துக்குத் திரும்பிவிடுவது என்று. மறுபடியும் கொஞ்சம் செலவு, கொஞ்சம் பாதுகாப்பு.

நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மரே 1901இல் இந்த ஐந்து துடிப்பை நாடாவில் துளையிடும் முறைக்கு ஏற்ப மாற்றினார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த துளை, கருவி தேயாமல் இருக்க. நாடாவில் தப்பாகத் துளையிட்டுவிட்டால் துளையை மூட முடியாது, ஆனால் மீதி இடத்திலும் துளை போட்டுவிடலாம், எல்லாமே துளையாக இருந்தால் அதைக் கண்டுகொள்ளாதே என்று கருவிக்குச் சொல்லிவைக்கலாம். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்க 1963இல் வந்த ஆஸ்கி முறையில் அழிக்கும் குறிக்கு எண் 127, அதாவது ஏழு இடத்திலும் ஒன்று. காரணம் இந்தத் துளைதான். அச்சுத் தலையை வரியின் தொடக்கத்துக்கு இழுக்க ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி தள்ள இன்னொரு குறி என்று தொலைத்தட்டச்சுக் காலத்தில் இருந்த இரண்டும் இன்றைய கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒளிந்திருக்கின்றன. விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொள்கிறது, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்தவை ஒன்றோடு நிறுத்திக்கொண்டன. தந்தி செத்தது என்று எழுதும்போது இதையும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் உதவி கேட்டு அடித்த எஸ்ஓஎஸ் (SOS) பற்றியும் ஒரு திருத்தம். அது 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்பதன் சுருக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1906இல் பெர்லினில் நடந்த வானொலித் தந்தி மாநாட்டில் அதைத் தேர்ந்தெடுத்தபோது எந்த விரிவும் கிடையாது, விரிவு பின்னால் ஒட்டவைத்தது. எழுத்து இடைவெளியே விடாமல் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று ஒரே மூச்சில் அடிப்பது அது. இரைச்சலிலும் தனியாகத் தெரியும், களைத்துப்போன கையும் தப்பாமல் அடிக்கும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வெய்ல், கெர்கே பெயர்களோடும் எஸ்ஓஎஸ் திருத்தத்தோடும் ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். முடிந்தால் மேல் அடுக்கைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் போடுங்கள், ப்ரிம்ரோஸ் வழக்கு ஒன்றே போதும், படிப்பவர்கள் விட மாட்டார்கள். மாணவர் பகுதியில் ஒரு பயிற்சியும் வைக்கலாம்: அன்றாடம் வீட்டில் சொல்லிக்கொள்ளும் இருபது வாக்கியங்களை எடுத்து, ஆளுக்கு மூன்றெழுத்துச் சங்கேதம் உருவாக்கட்டும், எந்த இரண்டும் குறைந்தது இரண்டெழுத்தாவது வேறுபட வேண்டும் என்ற விதியோடு. அப்புறம் நண்பன் ஒருவன் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிக் கொடுக்கட்டும், பிழையைப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். வந்த புத்தகங்களில் நல்லவை நாலைந்தை நீங்களே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்